பேத்தி கேட்ட தூரம்

டொரோன்டோவில் இருக்கும் என் பேத்திக்கு ஒன்பது வயது ஆகிறது. கோடைக்காலத்தில் அவளுடைய ஊருக்கும் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள எங்கள் பந்திங்குக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்பதால், நான் இரவு உணவை முடித்துக்கொண்டு முன்கூடத்தில் உட்காரும் வேளையில், அவள் காலைப் பசியாறிக்கொண்டே கைப்பேசித் திரையில் வந்துவிடுவாள். சென்ற ஜூன் மாதத்தில் ஒரு நாள் அப்படி வந்தவள், தாத்தா பாட்டி வாழும் ஊரைப் பற்றி ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அட்டை தயாரிக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருப்பதாகவும், அதில் தூரத்தையும் எழுத வேண்டும் என்றும் சொன்னாள். "தாத்தா, உங்க ஏர்போர்ட்டுக்கும் எங்க ஏர்போர்ட்டுக்கும் எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டாள். ஊரை விட்டுவிட்டு ஏன் விமான நிலையத்தைக் கேட்கிறாய் என்றேன். "அங்கேதானே நாம டாட்டா சொன்னோம்" என்றாள்.

அந்தப் பதிலுக்காகவே இந்தக் கணக்கைச் சரியாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் முதல் முறை நான் கொடுத்த கணக்கு தவறானது. அது எப்படித் தவறியது, பிறகு எப்படிச் சரியானது என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் குடும்பங்கள் பல. அவர்களில் யாருக்காவது இது பயன்படும்.

எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஓர் உலக வரைபடம் தொங்குகிறது. மகள் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது வாங்கி மாட்டியது. பசிபிக் பெருங்கடல் நடுவில் இருக்கும்படி அச்சிட்ட படம் அது. மலேசியா இடப்பக்கத்திலும் கனடா வலப்பக்கத்திலும் இருக்கும். நான் நீளமான மர அளவுகோலை எடுத்து, எங்கள் விமான நிலையம் உள்ள சிப்பாங் இருக்கும் இடத்தில் ஒரு முனையையும் டொரோன்டோவில் மறுமுனையையும் வைத்து அளந்தேன். படத்தின் அடியில் கொடுத்திருந்த அளவுத்திட்டத்தைக் கொண்டு பெருக்கினேன். 20,500 கி.மீ. என்று வந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து, ரப்பர் பால் கணக்கையும் செம்பனைக் குலைக் கணக்கையும் இருமுறை கூட்டிச் சரிபார்த்தே கையெழுத்துப் போட்டவன் நான். அன்றும் பெருக்கலை இருமுறை செய்து பார்த்துத்தான் பேத்தியிடம் சொன்னேன். பெருக்கலில் பிழை இல்லை. அளந்த இடத்தில்தான் பிழை இருந்தது.

மறுநாள் காலையில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வை நோக்கி ஒரு விமானம் செம்பனைத் தோப்புக்கு மேலே தாழ்ந்து போவதைப் பார்த்தேன். அப்போதுதான் மனத்தில் உறைத்தது. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. ஓர் உருண்டையின் மேல் எந்த இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டாலும், அவற்றுக்கு இடையே உள்ள குறுகிய தூரம் சுற்றளவில் பாதியைத் தாண்ட முடியாது. ஒரு பக்கமாகப் போனால் பாதிக்கு மேல் என்றால், மறுபக்கமாகப் போனால் பாதிக்குக் கீழே வந்துவிடும். ஆகவே உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே 20,000 கி.மீ. சொச்சத்துக்கு மேல் தூரம் இருக்கவே முடியாது. நான் சொன்ன 20,500 என்பது இந்தப் பூமியில் இல்லாத ஒரு தூரம். ஒரு குழந்தை அதைத் தன் அட்டையில் வண்ண எழுத்தில் எழுதியிருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

இந்த 40,000 என்ற முழு எண் தற்செயலாக அமைந்ததும் அன்று. 1791இல் பிரான்சில் மீட்டர் என்ற அளவை வகுத்தபோது, வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கே ஒரு மீட்டர் என்று தீர்மானித்தார்கள். அதாவது துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை 10,000 கி.மீ., முழுச் சுற்று 40,000 கி.மீ. பிற்காலத்தில் நுட்பமாக அளந்தபோது இந்தக் கால்பங்கு 10,002 கி.மீ. என்று தெரியவந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அளவையில் இவ்வளவு சிறிய பிழைதான் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. கிலோமீட்டர் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லுக்குள்ளேயே பூமியின் உருவம் அடங்கியிருக்கிறது.

சுவரில் தொங்கும் படம் மெர்க்கேட்டர் முறையில் வரைந்தது. 1569இல் மெர்க்கேட்டர் அந்த முறையைக் கப்பலோட்டிகளுக்காக அமைத்தார். திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் தொடர்ந்து சென்றால், அந்தப் பாதை அவருடைய படத்தில் நேர்கோடாக வரும். கப்பல்காரனுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த வசதிக்காக, நிலநடுக்கோட்டை விட்டு வடக்கேயும் தெற்கேயும் போகப் போக நிலத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. டொரோன்டோ இருக்கும் அட்சரேகையில் அந்த இழுப்பு 1.38 மடங்கு, 60 பாகையில் இரண்டு மடங்கு. படத்தின் அடியில் இருக்கும் அளவுத்திட்டமோ நிலநடுக்கோட்டுக்கு மட்டுமே பொருந்துவது. நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், இங்கிருந்து மேடானுக்கோ சிங்கப்பூருக்கோ அந்த அளவுத்திட்டத்தால் அளந்தால் சரியாகவே வரும். அந்தப் பழக்கத்தில் கனடா வரைக்கும் அதை நீட்டியதுதான் நான் செய்த தவறு.

இழுப்பைச் சரிசெய்து கணக்கிட்டாலும், படத்தில் நேர்கோடாகத் தெரியும் அந்தப் பசிபிக் பாதை 18,000 கி.மீ.க்கு மேல் வருகிறது. உண்மையான குறுகிய தூரம் அதைவிட 3,400 கி.மீ. குறைவு. கே.எல்.ஐ.ஏ.விலிருந்து சென்னை விமான நிலையமே 2,630 கி.மீ. அளவுதான். ஆகவே தட்டைப் படத்தை நம்பி ஒருவன் நேர்கோட்டில் போனால், நம் பாட்டன்மார் ரஜூலா கப்பலில் நாள்கணக்கில் கடந்துவந்த வங்கக்கடலை இன்னொரு முறை கடப்பதைவிட அதிகமாகச் சுற்றிப் போகிறான் என்று அர்த்தம்.

தூரம் என்றால் எதன்மேல் அளந்த தூரம் என்று முதலில் கேட்க வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது தோட்டம். நான் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை மறுநடவு செய்வதற்காக நிலம் அளக்க வந்தவர்களுக்கு உதவியாக என்னை அனுப்பினார்கள். ஒரு சங்கிலி என்பது 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஓர் ஏக்கர். மேட்டில் அளக்கும்போது நான் சங்கிலியைத் தரையோடு தரையாகச் சரிவின்மேல் படுக்க வைத்தேன். உடன் இருந்த, வேலையாட்களுக்குத் தலைவரான தண்டல் அதை எடுத்து, கீழ்ப்பக்க முனையை மார்பு உயரத்துக்குத் தூக்கி மட்டமாகப் பிடித்து, அங்கிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொட்ட இடத்தில் முளை அடித்தார். "நடவுக்கு மட்டத் தூரம்தான் வேணும் தம்பி, உரம் சுமக்கிறவனுக்குத்தான் சரிவுத் தூரம்" என்றார். நிலம் ஒன்றுதான், முளைகளும் அவைதான். ஆனால் அளக்கும் காரியம் மாறினால் அளவு மாறுகிறது. நிலத்தின் பரப்புக்கு ஒரு தூரம், தோளில் மூட்டை வைத்துக்கொண்டு ஏறுகிறவனுக்கு வேறொரு தூரம்.

விமான நிலையங்களுக்கும் அப்படித்தான். பூமியின் பரப்பை ஒட்டிப் போகும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் ஒன்று. விமானம் உண்மையில் பறந்து போகும் பாதையின் நீளம் வேறொன்று. பேத்தி கேட்டது முதலாவது. அவளுடைய அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது இரண்டாவது.

முதலாவதை அளக்க உருண்டைதான் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனிடம் 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டை ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்து மேசையில் வைத்து, என் மனைவி பூக்கட்டுவதற்கு வைத்திருக்கும் வெள்ளை நூலில் ஒரு முழம் அறுத்துக்கொண்டேன். நூலின் ஒரு முனையைச் சிலாங்கூரில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை ஒந்தாரியோ ஏரிக்கரையில் பிடித்து இழுத்தேன். முதலில் நூலைச் சுவர்ப்படத்தில் பார்த்த மாதிரியே ஜப்பான் பக்கமாகச் சுற்றி வைத்திருந்தேன். இழுக்க இழுக்க அது வழவழப்பான உருண்டையின்மேல் தானாகவே வடக்கு நோக்கி நழுவியது. ஜப்பானை விட்டு, சைபீரியாவை ஏறி, கடைசியில் வடதுருவத்தில் இருக்கும் பித்தளைக் குமிழில் போய் முட்டி நின்றது. நூல் விறைப்பாக நிற்கும்போது அது காட்டுவதே மிகக் குறுகிய வழி. அதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டு அது.

அந்த நூல் போகும் வழியை விரலால் தொட்டுப் பார்த்தேன். கே.எல்.ஐ.ஏ.விலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கு. கிழக்கே சாய்வது ஒரு பாகைக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனாவின் மேற்குப் பகுதி, மங்கோலியா, சைபீரியா, உறைந்த ஆர்க்டிக் கடல், துருவத்துக்கு 150 கி.மீ. அளவு பக்கத்தில் ஒரு திருப்பம்கூட இல்லாமல் கடந்து, மறுபுறம் கனடாவின் வடகோடித் தீவுகள், ஹட்சன் விரிகுடா, பிறகு டொரோன்டோ. டொரோன்டோ கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று உறவினர்கள் என்னைக் கேட்டதுண்டு. அது நமக்கு வடக்கே இருக்கிறது என்று இப்போது சொல்வேன். நூலில் முடிச்சுப் போட்டு அளந்தால் 35 செ.மீ. உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ. என்பதால் ஒரு சென்டிமீட்டருக்கு 425 கி.மீ. பெருக்கினால் 14,875 கி.மீ. பூக்கட்டும் நூலால் வந்த விடை இது. பிறகு செய்த நுட்பமான கணக்குகளுக்கும் இதற்கும் இருபது முப்பது கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

நூலின் விடையைத் தாளிலும் சரிபார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓர் ஆதாரப் புள்ளி உண்டு. ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி அதைக் குறித்து, அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வெளியிடுகிறார்கள். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரம் என்று சொல்லப்படுவது இந்தப் புள்ளிகளுக்கு இடையே உள்ளதுதான். நகரத்திலிருந்து நகரத்துக்கு அன்று. கே.எல்.ஐ.ஏ. பெயரில்தான் கோலாலம்பூர், நிலம் சிப்பாங்கில், செம்பனைத் தோட்டங்கள் இருந்த இடத்தில். அது 1998 ஜூனில் திறக்கப்படும் வரை கோலாலம்பூரின் அனைத்துலக விமான நிலையம் சுபாங்கில் இருந்தது. டொரோன்டோவின் பியர்சன் விமான நிலையத்தின் பெரும்பகுதியும் அண்டை நகரான மிசிசாகாவில்தான் இருக்கிறது. பழைய புத்தகத்தில் உள்ள எண்ணும் புதிய எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், இப்படி ஒரு காரணமும் இருக்கலாம்.

கே.எல்.ஐ.ஏ.வின் புள்ளி வடக்கு 2 பாகை 45 கலை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு), கிழக்கு 101 பாகை 43 கலை. பியர்சனின் புள்ளி வடக்கு 43 பாகை 41 கலை, மேற்கு 79 பாகை 38 கலை. தீர்க்கரேகைகள் இரண்டையும் கூட்டிப் பார்த்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 181 பாகை 21 கலை. அதாவது இரண்டு விமான நிலையங்களும் உருண்டையின் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில், ஒரு பாகை சொச்சம் மட்டுமே விலகி, நேருக்கு நேராக நிற்கின்றன. பந்திங்கில் நடுப்பகல் வெயில் உச்சியில் நிற்கும்போது அங்கே நள்ளிரவு என்று சொல்வது வெறும் பேச்சு அன்று, கணக்கே அப்படித்தான்.

இந்த அமைப்பு இருந்தால் கடினமான வாய்பாடு எதுவும் வேண்டியதில்லை. இங்கிருந்து துருவம் வரை எத்தனை பாகை, துருவத்திலிருந்து அங்கே எத்தனை பாகை என்று கூட்டினால் போதும். 90 பாகையிலிருந்து 2 பாகை 45 கலையைக் கழித்தால் 87 பாகை 15 கலை. 90 பாகையிலிருந்து 43 பாகை 41 கலையைக் கழித்தால் 46 பாகை 19 கலை. இரண்டும் சேர்ந்து 133 பாகை 34 கலை. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் மொத்தம் 8,014 கலை. பூமியின் பரப்பில் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்பதே கடல் மைலின் பிறப்பு. ஆகவே 8,014 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். பெருக்கினால் 14,842 கி.மீ.

இதை மகளிடம் சொன்னபோது, "அப்பா, இது எங்க எஸ்.பி.எம். கணக்கு" என்றாள். உண்மைதான். எஸ்.பி.எம். என்பது இடைநிலைப்பள்ளி இறுதியில், படிவம் 5இல் எழுதும் தேர்வு. அந்தப் படிவத்துக் கணிதத்தில் பூமியை ஓர் உருண்டையாகக் கொள்ளும் பாடம் முன்பு இருந்தது. எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இரண்டு இடங்களைக் கொடுத்து, துருவத்தின் வழியாகப் போகும் குறுகிய தூரத்தைக் கடல் மைலில் கேட்பார்கள். எங்கள் வீட்டு மேசையில் அவள் அந்தக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கணக்கு ஒன்றின் மறுமுனையில் போய் அவள் குடியிருப்பாள் என்று அன்று யாருக்குத் தெரியும். இப்போதைய பாடத்திட்டத்தில் அந்தப் பாடம் இல்லை. அதை எடுத்துவிட்டது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன். பிள்ளைகள் பறந்துபோகும் காலத்தில்தான் அந்தப் பாடம் மிகவும் தேவை.

எதிரெதிராக அமையாத விமான நிலையங்களுக்கு முக்கோணவியல் வேண்டும். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி, அதனுடன் அவற்றின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கிக் கூட்டினால், இடைக்கோணத்தின் கொசைன் கிடைக்கும். அந்தக் கோணத்தைப் பாகையில் எடுத்து 111.2ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். கைப்பேசியில் உள்ள கணிப்பானைப் பக்கவாட்டில் திருப்பினால் சைனும் கொசைனும் வந்துவிடும். லண்டன் ஹீத்ரோவுக்கு இப்படிக் கணக்கிட்டேன், 10,600 கி.மீ. வந்தது.

ஆனால் டொரோன்டோவுக்கு இந்த முறையில் போட்டால் 14,852 வருகிறது. கலைக் கணக்கில் 14,842 வந்தது. இணையத்தில் நுட்பமான கணிப்பான்கள் 14,860 அளவில் காட்டுகின்றன. கிராணி வேலை பார்த்தவனுக்குப் பத்து கிலோமீட்டர் வித்தியாசம் தூக்கத்தைக் கெடுக்கும். காரணம் தேடினேன். பூமி முழு உருண்டை அன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. இந்தத் தட்டைத்தன்மையால் அட்சரேகையில் ஒரு கலை என்பது எல்லா இடத்திலும் ஒரே நீளமாக இருப்பதில்லை. நிலநடுக்கோட்டருகே 1,843 மீட்டர்; துருவத்தருகே 1,862 மீட்டர். 1,852 என்பது நடுவில் எடுத்த ஒரு முடிவு. நம் பாதை துருவத்தைத் தொட்டுக்கொண்டு போவதால், நீண்ட கலைகளே அதில் அதிகம். அதனால்தான் கைக்கணக்கைவிட உண்மைத் தூரம் சற்றுக் கூடுகிறது. இந்தத் தட்டை வடிவத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை வின்சென்டி என்பவர் 1975இல் வெளியிட்டார். இன்றைய கணிப்பான்கள் பலவற்றில் அந்த முறையோ அதிலிருந்து வளர்ந்த முறையோதான் இருக்கிறது. ஆகவே 14,860 என்பதே நான் ஏற்றுக்கொள்ளும் எண்.

இது தரையை ஒட்டிய தூரம் என்பதையும் சொல்ல வேண்டும். விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. உயரே போனால் வட்டம் பெரிதாகும். அந்த உயரத்தில் இதே கோணத்தைக் கடக்க இன்னும் 25 கி.மீ. அளவு கூடுதலாகப் பறக்க வேண்டும். பூமியின் தட்டைத்தன்மையால் வரும் வித்தியாசத்தைவிட இது அதிகம் என்பது நான் எதிர்பாராத ஒன்று.

மைல் என்ற சொல்லில் ஓர் ஆபத்து இருக்கிறது. மகள் முதன்முறை புறப்பட்டபோது, பயணச்சீட்டு வாங்கிய கடையில் 8,000 மைல் சொச்சம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அது கடல் மைல் என்று அதில் குறிக்கவில்லை. சாலை மைலாக எண்ணி 1.609ஆல் பெருக்கி, 12,900 கி.மீ. என்று பல ஆண்டுகளாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். இரண்டு மைலுக்கும் உள்ள வித்தியாசம், இந்த நீளப் பயணத்தில் ஏறக்குறைய 2,000 கி.மீ. ஆகிவிடுகிறது. தூரத்தை எழுதுகிறவர்கள் எந்த மைல் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இனி இரண்டாவது தூரம். இங்கிருந்து டொரோன்டோவுக்கு நேரடி விமானம் இல்லை. எங்காவது இறங்கி மாற வேண்டும். ஹாங்காங் வழியாகப் போனால், இரண்டு பெருவட்டத் துண்டுகளையும் கூட்டி 15,090 கி.மீ. லண்டன் வழியாக 16,310. டோஹா வழியாக 16,790. சுவர்ப்படத்தைப் பார்த்தால் இந்த மூன்றில் எது குறுகியது என்று சொல்லவே முடியாது. உருண்டையில் நூலைப் பிடித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்: ஹாங்காங் நூலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, டோஹா வெகுதூரம் விலகி நிற்கிறது. ஹாங்காங்கில் இறங்கி மாறுவதால் கூடுவது 230 கி.மீ.தான். பந்திங்கிலிருந்து ஈப்போவுக்குப் போவதைப் போல.

இந்தக் கூட்டுத்தொகையும் விமானம் பறந்த தூரம் ஆகிவிடாது. மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்றோட்டங்கள் இருக்கின்றன. வடபசிபிக்கில் அவை குளிர்காலத்தில் மிகவும் பலமாக இருக்கும். கிழக்கே போகும் விமானம் அந்தக் காற்றின் முதுகில் ஏறிக்கொள்வதற்காக, சில நூறு கிலோமீட்டர் சுற்றிப் போவதும் உண்டு. சுற்றினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். மேற்கே திரும்பி வரும்போது அதே காற்றை ஒதுக்கிவிட்டு வேறு வழியில் வருவார்கள். போர் நடக்கும் வான்வெளியையும் சுற்ற வேண்டும். 2022க்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டுவிட்டதால், அவற்றின் பாதைகள் நீண்டுவிட்டன. சென்ற முறை நாங்கள் போனபோது இருக்கைக்கு முன்னால் இருந்த சிறு திரையில் விமானம் வளைந்து போவதைக் கண்டு, ஏன் நேராகப் போகவில்லை என்று பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கவலையோடு கேட்டார். அந்த வளைவுதான் உருண்டையின்மேல் நேர் வழி என்று கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து அவருக்கு விளக்கினேன்.

பறந்த தூரமும் இடைத்தூரமும் எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1997 ஏப்ரலில் மலேசியா ஏர்லைன்ஸின் போயிங் 777 ஒன்று, அமெரிக்காவின் சியாட்டலிலிருந்து எங்கும் இறங்காமல் கோலாலம்பூருக்குப் பறந்து வந்தது. மேற்கே பசிபிக்கைத் தாண்டி வராமல், சாதனைக்காகக் கிழக்கு நோக்கி உலகத்தைச் சுற்றி வந்தது. 21 மணி 23 நிமிடத்தில் கடந்த தூரம் 20,044 கி.மீ. பயணிகள் விமானங்களில் அதுவே அந்நாளில் உலகச் சாதனை. சியாட்டலுக்கும் நமக்கும் இடையே உள்ள பெருவட்டத் தூரமோ 13,000 கி.மீ.க்கும் சற்றுக் குறைவு. 2005 நவம்பரில் இன்னொரு 777, ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குக் கிழக்கு வழியாகவே 21,602 கி.மீ. பறந்து அந்தச் சாதனையை முறியடித்தது. அந்த இரு நகரங்களின் இடைத்தூரம் அதில் பாதிகூட இல்லை.

அப்படியானால் நம்மிடமிருந்து உண்மையிலேயே மிகத் தொலைவான இடம் எது என்று பேத்தி அடுத்துக் கேட்பாள் என்று தெரியும். அதனால் அதையும் பார்த்து வைத்தேன். கே.எல்.ஐ.ஏ.வின் நேர் எதிர்ப்புள்ளி தென் அமெரிக்காவில், எக்குவடோர் நாட்டின் தெற்கே மலைப்பகுதியில் விழுகிறது. அதற்கு 80 கி.மீ. அளவு தள்ளி குவென்கா என்ற நகரமும் அதற்கு ஒரு விமான நிலையமும் இருக்கின்றன. தூரம் ஏறக்குறைய 19,930 கி.மீ. அங்கே போவதற்கு எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். உருண்டையில் நூலை எப்படித் திருப்பினாலும் அது விறைப்பாகவே நிற்கிறது.

சரியான எண்ணைப் பேத்தியிடம் சொல்வதற்கு முன்பு, முதலில் சொன்னது தவறு என்று சொன்னேன். ஏன் தவறு என்பதையும் சொன்னேன். அவள் அட்டையில் 20,500ஐ அடித்துவிட்டு 14,860 என்று எழுதினாள். மருமகன் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர்கள் வீட்டில் ரொறன்ரோ என்றுதான் எழுதுவார்கள். ஆகவே அட்டையின் ஒரு பக்கம் பந்திங், மறுபக்கம் ரொறன்ரோ, நடுவில் எண். அவள் அதில் நூலையும் ஒட்ட வேண்டும் என்று கேட்டதால், இரண்டு முடிச்சுப் போட்ட அந்த 35 செ.மீ. நூலை ஓர் உறையில் வைத்து அஞ்சலில் அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் திரையில் வந்தபோது முகத்தில் குழப்பம் இருந்தது. பள்ளியில் இருந்த உருண்டையின்மேல் நூலை வைத்துப் பார்த்தாளாம். டொரோன்டோவைத் தாண்டி வெகுதூரம் போய்த் தொங்குகிறதாம். உருண்டையின் விட்டம் எவ்வளவு என்று அளந்து வரச் சொன்னேன். 20 செ.மீ. என்றாள். என் உருண்டை பெரியது, உன் உருண்டை சிறியது, ஆகவே உன் நூலும் சிறியதாக வேண்டும் என்று சொல்லி, சுற்றளவையும் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையும் அவளையே கணக்கிட வைத்தேன். மறுநாள் அவள் நூலில் மூன்றாவது முடிச்சு ஒன்றைப் போட்டுக் காட்டினாள். முதல் முடிச்சிலிருந்து அது 23 செ.மீ.க்குச் சற்று மேலே இருந்தது.